புதுப்பிறப்பு அறை

தான் சிவப்பு என்பது ஜோவானுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில்தான் தெரியவந்தது. பல்கலைக்கழக நுழைவாயில் கூடத்தில் புதிதாகப் பெரிய திரை ஒன்றை மாட்டியிருந்தார்கள். இறுதியாண்டு மாணவர்களின் பெயர்கள் அதில் கீழிருந்து மேலாக ஊர்ந்துகொண்டிருந்தன. வேலை கிடைத்தவர் பச்சை. கிடைக்கப்போகிறவர் மஞ்சள். மற்றவர் சிவப்பு. அவள் பெயர் வந்தபோது பக்கத்தில் நின்ற கணக்கியல் மாணவி ஒருத்தி, தொற்றிக்கொள்ளும் என்பதுபோல் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

ஜார்ஜ்டவுனில் கடலைப் பார்த்தபடி கட்டிய சின்னத் தனியார் பல்கலைக்கழகம் அது. பெயர் வேண்டாம், சொன்னால் விளம்பரம் என்று எடுத்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் அங்கே பாடம் நடத்துவதுதான் முக்கியமான வேலையாக இருந்தது. பிறகு ‘பட்டதாரிகள் வருங்கால உறுதி மையம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு இடம் தேவைப்பட்டதால் வரலாற்றுத் துறையை மூடினார்கள். அந்தத் துறையின் கடைசி விரிவுரையாளர் இப்போது வாகன நிறுத்துமிடக் கூண்டில் உட்கார்ந்து, கார் வரும்போதெல்லாம் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிடுகிறார். அவருக்கு வேலை இருப்பதால் மையத்தின் கணக்கில் அவரும் பச்சைதான்.

மையம் கொண்டுவந்த முதல் சட்டத்துக்கு ‘வேலையோடு பட்டம்’ என்று பெயர். பட்டமளிப்பு நாளில் பச்சை மாணவர்கள் மட்டும் அங்கி போட்டுக்கொண்டு மேடையேறலாம். சிவப்புக்குப் பட்டம் தபாலில் வரும். இரண்டாவது சட்டம் துறைகளுக்கு. இறுதியாண்டில் பாதிப் பேருக்கு மேல் பச்சையாக இல்லாத துறை மூடப்படும்.

மானிடவியல் துறையின் இறுதியாண்டில் அந்த வருடம் இரண்டே பேர். ஒருவன் இம்ரான். அவனுடைய மாமா நடத்தும் நாசி கண்டார் கடையில் சாயங்காலம் நின்று சோற்றில் குழம்பு ஊற்றுவான். மையம் அவனை ‘உணவுப் பண்பாட்டு ஆலோசகர்’ என்று பதிவு செய்து பச்சையாக்கிவிட்டது. தத்துவம் படித்துவிட்டுக் குருமடத்தில் சேர்ந்த ஒருவனை ‘மேலிடத் தொடர்பு அதிகாரி’ என்று பதிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. இன்னொருத்தி ஜோவான். பாதி என்பது பாதிக்கு மேல் ஆகாது என்பதைக் கணக்கோடு அதிகம் பழகாத மானிடவியல் துறைகூட உடனே புரிந்துகொண்டது.

துறைத் தலைவி டாக்டர் காமாரியா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். தலைவியும் அவர்தான், விரிவுரையாளரும் அவர்தான், பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எடுப்பவரும் அவர்தான். சில வாரங்களாக அவர் முன்வாசலால் வருவதில்லை. பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தார். ஏன் என்று ஜோவான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“அந்தக் கார் பார்க் கூண்டுல ஒரு நாக்காலிதான் இருக்கு ஜோவான். ரெண்டாவது ஆளுக்கு எடம் இல்ல. நான் எட்டிப் பாத்துட்டேன்.”

அவர் நல்ல ஆசிரியை. மாணவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நம்புகிறவர். அதனால் ஜோவானைப் பார்க்காமல் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

வீட்டிலும் நிலைமை சுகமில்லை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் அவளும் அம்மா டோரதியும்தான். டோரதி ஒரு கிளினிக்கில் நோயாளிகளின் பெயரைப் பதிகிற வேலை பார்த்தாள். மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க சர்ச்சு ஆட்களைக் கூட்டிப்போக ஒரு வேன் பேசி வைத்திருந்தாள். அந்த சர்ச்சில் ஜோவானின் படிப்புக்குத் தனி வரலாறு உண்டு. முதல் வருடம் யாரோ கேட்டபோது மானிடவியல் என்று சொல்லிவிட்டாள். “மானப் பத்திப் படிக்கிறியா? அப்ப காட்டுல தானே வேலை?” என்று ஒரு பெரியம்மா இரக்கப்பட்டார். டோரதிக்கு அவமானமாகப் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல், அது மனிதர்கள் சம்பந்தப்பட்ட படிப்பு, கிட்டத்தட்ட டாக்டர் மாதிரி என்று சொல்லத் தொடங்கினாள். அதற்குப் பிறகு ஜெபக் கூட்டத்தில் இரண்டொரு முழங்கால்களை ஜோவான் தொட்டுப் பார்க்க வேண்டிவந்தது.

தான் சிவப்பு என்று அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. வேனில் இடம் போதாமல் இன்னொரு வேன் பேசலாமா என்று டோரதி அப்போது யோசித்துக்கொண்டிருந்தாள்.

மையத்தின் இயக்குநர் பெயர் சிவநேசன். ஐம்பதைத் தாண்டியவர், பச்சை டை கட்டியிருந்தார். ஜோவானை எதிரில் உட்காரவைத்து, மூன்று வருடத்தில் என்ன திறன் பெற்றாய் என்று கேட்டார். மனிதர்களோடு அவர்கள் இடத்திலேயே இருந்து, அவர்கள் சொல்வதைக் கேட்கக் கற்றுக்கொண்டேன் என்றாள் ஜோவான். சிவநேசன் கணினியில் திறன்களைத் தேடினார். ‘கேட்டல்’ என்று எதுவும் வரவில்லை. ‘தொடர்பாற்றல்’ இருந்தது, ஆனால் அது பேசுவதைத்தான் குறிக்கும் என்றார். அவள் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். அதை அவர் கவனித்தார்.

“பயப்படாதீங்க. நாங்க யாரையும் பயமுறுத்துறது இல்ல. பயம் வர்ற மாதிரி ஒரு சூழல அமைச்சுத் தர்றோம், அவ்வளவுதான். பயப்படுறதும் பயப்படாததும் மாணவரோட சுதந்திரம். போன வருசம் பயந்தவங்கள்ல முக்காவாசிப் பேரு பச்சையாயிட்டாங்க. பயப்படாதவங்க இன்னும் எதையாவது வாசிச்சிக்கிட்டுத்தான் இருக்காங்க.”

பிறகு, அவளுக்கு ஒரு வாய்ப்பு இருப்பதாகச் சொன்னார். சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலை மனிதர்களைப் பற்றித் தெரிந்த ஒருவரைத் தேடுகிறது. அங்கே ஒரு ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். அவர்களுக்குத் திருப்தியாக இருந்தால் அங்கேயே வேலை. வேலை கிடைத்தால் பச்சை. பச்சையானால் துறை பிழைக்கும். திருப்தி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அந்த அறையின் சன்னல் வழியே வாகன நிறுத்துமிடக் கூண்டு நன்றாகத் தெரிந்தது.

காது கேளாதவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவிக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை அது. மனிதவள மேலாளர் கார்த்திகேசு அவளை வாசலிலேயே வந்து வரவேற்றார். சிக்கலை விளக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. தொழிலாளர்கள், முக்கியமாகப் பெண்கள், தண்டாஸுக்கு, அதாவது கழிவறைக்கு, போனால் சீக்கிரம் திரும்புவதில்லை. கம்பெனி எல்லாம் செய்து பார்த்துவிட்டது. கண்ணாடிகளைக் கழற்றியது. ‘உங்கள் வரிசை உங்களுக்காகக் காத்திருக்கிறது’ என்று சுவரில் எழுதியது. ஒரு மனநல ஆலோசகரை அழைத்தது. அவர் தொழிலாளர்களுக்குக் களைப்பு அதிகம் என்று சொன்னதால் அவரை நிறுத்திவிட்டது.

“இங்க எல்லாரும் ஒரே குடும்பம்,” என்றார் கார்த்திகேசு. “குடும்பத்துல ஒருத்தர் தண்டாஸ் போயி ரொம்ப நேரம் வரலன்னா என்ன செய்வோம்? கதவத் தட்டிக் கேப்போம்லா? அது பாசம். ஆயிரம் பேரு இருக்கிற குடும்பத்துல கதவு தட்ட ஆள் பத்தாது. அதனாலதான் படிச்சவங்களக் கூப்பிடுறோம்.”

ஜோவான் ஆயர் ஈத்தாமிலிருந்து விடிவதற்குள் புறப்பட்டாள். கம்பெனி பஸ் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்தைக் கடக்கும்போது கடல் சாம்பல் நிறத்தில் கிடக்கும். பஸ்ஸில் எல்லாரும் தூங்குவார்கள். அவளுக்குத் தூக்கம் வராது. நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து, சாமணத்தால் சின்னஞ்சிறு கம்பிகளைப் பொருத்தினாள். சரியாகப் பொருத்தத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அதிரா என்ற அக்காதான் அவள் கெடுத்த துண்டுகளை யாருக்கும் தெரியாமல் தன் தட்டில் எடுத்துப்போட்டுச் சரிசெய்தாள். அதிராவுக்கு நாற்பது வயதிருக்கும். அந்த வரிசையிலேயே அவள் கைதான் வேகம். வரிசையில் பேசக் கூடாது என்பதால் அவளுடைய குரலை ஜோவான் இரண்டாம் நாள்தான் கேட்டாள். அதுவும் தண்டாஸில்.

முதலில் ஜோவான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். குழாய்கள் மட்டும் ஓடும். புது ஆள், படித்த முகம், கம்பிகூடப் பொருத்தத் தெரியவில்லை. உளவு பார்க்க வந்தவள் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் நினைத்தது உண்மை என்பதுதான் ஜோவானுக்குத் தாங்க முடியவில்லை. யாரைப் படிக்கிறோமோ அவர்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று டாக்டர் காமாரியா முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். மறைக்காமல் சொன்னால் என்ன ஆகும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. மாலையில் பஸ்ஸில் அதிராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தன்னை யார் அனுப்பினார்கள், எதற்கு, திரையில் தன் பெயர் என்ன நிறம், வேன் வரைக்கும். சொல்லி முடித்தபோது அழுகை வந்துவிட்டது.

 நாளைக்குத் தண்டாஸுக்குள் வா, சும்மா நில், எதுவும் கேட்காதே என்றாள் அதிரா.

அப்படித்தான் ஜோவானுக்கு அந்த இடம் திறந்தது. கடைசிக் கழிவறைக்குள் பிள்ளை பெற்று இரண்டு மாதமே ஆன ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு பால் பீய்ச்சினாள். ஒருத்தி சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள். இன்னொருத்தி அவளை எழுப்புவதற்காகக் காத்திருந்தாள். அதிரா கைப்பேசியில் தன் மகளிடம் இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டாள். ஒரு நேப்பாளப் பெண் தினமும் கொஞ்சம் அழுதாள். அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அவளுக்கு முகம் துடைக்கத் துணி மட்டும் கொடுப்பார்கள். ஒருநாள் ஒருத்தி லைன் லீடரைப் போல நடந்து காட்ட, எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜோவானும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவளுக்கு விடை தெரிந்தது. தொழிற்சாலை முழுக்க, சாப்பாட்டு அறையில்கூட, மேலே ஒரு கருப்புக் கண் இருந்தது. இங்கே இல்லை.

மனநல ஆலோசகருக்குக் கிடைக்காத விடை. ஒரு வரியில் எழுதிவிடலாம். எழுதினால் அவள் பச்சை.

அன்று அதிராவே கேட்டாள். “கண்டுபிடிச்சிட்டியா?”

ஜோவான் தலையசைத்தாள்.

“சொன்னா இங்கயும் கேமரா வைப்பானுங்க. உள்ள வைக்க மாட்டான், சட்டம் இருக்கு. வாசல்ல வைப்பான். உள்ள போன நேரம், வந்த நேரம். அப்புறம் அவளுக்குப் பால் கட்டிக்கும், இவ நின்னுக்கிட்டே விழுந்துருவா.” அதிரா கையைத் துடைத்துக்கொண்டாள். “சொல்லாதன்னு நான் சொல்லலம்மா. நீ சொல்லாட்டி வேற ஆளு வருவான். ஒனக்கும் சுசாதான், கஷ்டந்தான். தெரியுது.”

அவள் திட்டியிருந்தால் ஜோவானுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்து வந்த இரவுகளில் அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று மூன்று வருடமாக எல்லாரும் கேட்டார்கள். எங்கேயும் விடாது என்பதுதான் அவளுடைய பயமாக இருந்தது. இப்போது, எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும் என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. டாக்டர் காமாரியாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும், ஆசிரியை என்ற முறையில் உண்மையைத் திரித்து எழுதச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பெண்களைக் காட்டிக்கொடுக்கவும் சொல்ல முடியாது என்றார். எழுதாமல் விட்டுவிடு என்று சொல்லத் தனக்குத் தைரியம் இல்லை என்றார். மூன்றையும் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டார். துறையில் இருக்கும் தடித்த புத்தகங்களில் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். சடங்குகளைப் பற்றிய பாடநூல். ஏன் கொடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

ஆய்வை ஒப்படைக்கும் கூட்டம் தொழிற்சாலையின் குளிர்ந்த அறை ஒன்றில் நடந்தது. கார்த்திகேசுவும் அவருக்கு மேலே இருப்பவர்களும் ஒரு பக்கம். சிவநேசனும் மையத்து அதிகாரிகளும் மறுபக்கம். எல்லாருக்கும் முன்னால் ஒவ்வொரு கறிப் பாப் பலகாரம் இருந்தது. ஜோவான் எழுந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

தொழிலாளர்கள் தண்டாஸுக்குப் போவதை நேரக் கழிவு என்று பார்க்கக் கூடாது, அது ஒரு சடங்கு என்று தொடங்கினாள். உலகத்தில் எல்லாச் சமூகத்திலும் மனிதர்கள் ஒரு நிலையிலிருந்து பிரிகிறார்கள், வாசலில் நிற்கிறார்கள், புது மனிதராகத் திரும்புகிறார்கள். வரிசையை விட்டு எழுவது பிரிவு. கழிவறை வாசல். கை கழுவுவது தூய்மை. திரும்பி வருவது புதுப்பிறப்பு. இந்தச் சடங்கைச் சுருக்கினால் தொழிலாளி பாதிதான் பிறந்து வருவார். பாதி பிறந்தவர் பொருத்தும் கம்பி எப்படி இருக்கும் என்று அவள் கேட்டாள்.

கேட்டுவிட்டு அவளே பயந்துபோனாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் ‘பாதி பிறந்தவர்’ என்று எழுதிக்கொண்டார். கார்த்திகேசுவின் கண் பளபளத்தது. இத்தனை வருடமாகத் தன் குடும்பம் பாதி பாதியாகப் பிறந்துகொண்டிருந்ததை யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று வருந்தினார்.

“இந்தப் புதுப்பிறப்ப அளக்க முடியுமா?” என்று கேட்டார்.

“அளக்கலாம்,” என்றாள் ஜோவான். முடியாது என்று சொன்னால் எல்லாம் சரிந்துவிடும் என்று தோன்றியது.

அப்போதுதான் சிவநேசன் வாய் திறந்தார். அதுவரை அவர் கறிப் பாப்பைத் தொடவே இல்லை. அங்கே யார் யாரோடு பேசினீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். பிறகு அவர் மெதுவாக, “அவங்க சொன்னதுல எத இங்க சொல்லாம விட்டீங்க?” என்றார்.

 இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். களத்தில் கிடந்து பழகியவர்கள் கேட்கிற கேள்வி இது. டாக்டர் காமாரியா ஒவ்வொரு கட்டுரைக்கும் கடைசியில் கேட்பது. சிவநேசனின் முகத்தைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டுவிட்டார் என்பது தெரிந்தது. அறை முழுவதும் அவள் பதிலுக்காகக் காத்திருந்தது. அவள் தன் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

“சரி, உக்காருங்க,” என்றார் சிவநேசன். “நல்ல ஆய்வு. மையம் ஏத்துக்குது.” பிறகு கறிப் பாப்பை எடுத்துக் கடித்தார்.

கூட்டம் முடிந்து மின்தூக்கிக்காக நின்றபோது அவளும் அவரும் மட்டும் இருந்தார்கள். நீங்களும் இதே படிப்புத்தானா சார் என்று அவள் கேட்டுவிட்டாள். அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். 

“மையத்துல என்னைய மேலாண்மை படிச்சவன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க,” என்றார். “எனக்கும் ஒரு நெறம் இருக்கும்மா. மேல வேற ஒரு திரை ஓடுது, அத ஒங்களுக்குக் காட்ட மாட்டாங்க.” கதவு திறந்தது. உள்ளே போனவர், மூடுவதற்கு முன் சொன்னார். “அளக்கலாம்னு மட்டும் நீங்க சொல்லியிருக்கக் கூடாது.”

அடுத்த வாரம் அவள் பெயர் பச்சையாக மாறியது. துறை பிழைத்தது. ஆனால் மானிடவியல் என்ற பெயர் சந்தையில் விலைபோகாது என்று, ‘சடங்குவழி உற்பத்தித்திறன் துறை’ என்று மாற்றினார்கள். டாக்டர் காமாரியா மறுபடியும் முன்வாசலால் வரத் தொடங்கினார். புதுப் பலகையைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தன் அறைக்கு மட்டும் வேறு படிக்கட்டில் ஏறினார்.

டோரதி லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறி இறங்கி மகளுக்கு மெரூன் நிறத்தில் சேலை எடுத்தாள். பட்டமளிப்பு நாளில் இரண்டு வேன்களும் நிறைந்து வந்தன. துணைவேந்தர் பேசினார். ஒரு காலத்தில் பல்கலைக்கழகங்கள் உண்மையைத் தேடிக்கொண்டிருந்தன என்றும், தேடுகிறவர்கள் இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதே அதன் பொருள் என்றும், கண்டுபிடிக்காதவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதை இந்தப் பல்கலைக்கழகம் துணிச்சலோடு நிறுத்திவிட்டது என்றும் சொன்னார். பலத்த கைதட்டல். சிவப்பு மாணவர்களின் பெற்றோர் அழைக்கப்படாததால் அரங்கில் எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். இம்ரான் அங்கியோடு நேராகக் கடைக்குப் போனான், அன்றைக்குக் கூட்டம். ஜோவான் மேடையில் நின்றபோது டோரதி எழுந்து நின்று அழுதாள். அந்த அழுகையைப் பார்த்தபோது எல்லாம் சரிதான் என்று ஜோவானுக்கு ஒரு கணம் தோன்றியது. அது பொய் இல்லை.

தொழிற்சாலையில் ‘புதுப்பிறப்பு அறை’ திறந்தார்கள். தண்டாஸுக்குப் பக்கத்தில், இளம் பச்சைச் சுவர்களோடு, அருவிச் சத்தம் ஒலிபெருக்கியில் ஓட. ஜோவான் அதற்கு அதிகாரி. வரிசையிலிருந்து எழுகிற ஒவ்வொருவரும் முதலில் அங்கே வந்து, அருவியைக் கேட்டு, சுவரில் இருக்கும் சிரித்த முகத்தையோ அழுத முகத்தையோ அழுத்திவிட்டுப் போக வேண்டும். புதுப்பிறப்பு இந்த அறையிலேயே நடந்துவிடுவதால், தண்டாஸில் நிற்க இனி அவசியம் இல்லை என்று கம்பெனி முடிவு செய்தது. தண்டாஸ் வாசலில் ஒரு கருப்புக் கண் வைத்தார்கள். அழுத முகத்தை அழுத்தியவர்கள் லைன் லீடரிடம் காரணம் சொல்ல வேண்டும். முதல் நாள் இரண்டு பேர் அழுத்தினார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்த முகம்தான். கார்த்திகேசு அதைத் தலைமையகத்துக்கு அனுப்பினார்.

அதிராவும் வருவாள். மற்றவர்களைப் போலவே அழுத்துவாள். ஜோவானைப் பார்த்துத் தலையசைப்பாள், பேச மாட்டாள். அறையின் மூலையில் கேமரா இருந்தது. ஒருநாள் அந்த நேப்பாளப் பெண் வந்து, சிரித்த முகத்தை அழுத்தியபடியே விரலை எடுக்காமல் நின்றாள். துணி கொடுக்க ஜோவான் எழுந்தாள். மேலே பார்த்தாள். திரும்ப உட்கார்ந்துவிட்டாள். அன்று வீட்டுக்குப் போனதும் டோரதி மீன் பொரித்து வைத்திருந்தாள். வேலை எப்படி என்று கேட்டாள். நல்ல வேலை என்றாள் ஜோவான்.

கொஞ்ச நாளில் பெண்கள் மாறிவிட்டார்கள். பழையபடி முகத்தில் ஒரு தெளிவு. பிள்ளை பெற்றவளின் சட்டை நனைவது நின்றது. நேப்பாளப் பெண்ணின் கண் சிவந்திருந்தாலும் முகம் துடைத்திருந்தது. எங்கோ வேறு இடம் கிடைத்துவிட்டது என்று ஜோவானுக்குப் புரிந்தது. அதே சமயம் கார்த்திகேசுவுக்கும் ஒன்று புரிந்தது. தண்டாஸிலும் இல்லை, அறையிலும் இல்லை, வரிசையிலும் இல்லை. நடுவில் கொஞ்ச நேரம் இவர்கள் எங்கேயும் இல்லை. அவர் ஜோவானை அழைத்து உட்காரச் சொல்லி, தன் கையாலேயே தேநீர் கலக்கிக் கொடுத்தார்.

“ஒங்கள மாதிரி ஆளுங்கதான் இத கண்டுபிடிக்க முடியும். அவுங்க ஒங்ககிட்ட மறைக்க மாட்டாங்க. எங்க போறாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அங்கயும் ஒரு அருவி வச்சிடுவோம்.”

களப்பணிக்கு நாளாகும் என்றாள் அவள். எவ்வளவு நாள் என்றார். சொல்ல முடியாது என்றாள். அவர் புன்னகை செய்தார். அவளுடைய வேலை உறுதி செய்யப்படுவது அந்த மாதக் கடைசியில்தான் என்பதை அன்பாக நினைவூட்டினார். ஒருவேளை அவள் மறுபடியும் சிவப்பானால் துறையின் கணக்கும் மாறுமே என்று கவலைப்பட்டார்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் புறப்படக் காத்திருந்தது. ஜோவான் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கார்த்திகேசு பஸ் வாசலருகே நின்று, ஏறுகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். முகத்தையும் கையையும் காலணியையும் பார்த்தபடியே விசாரித்தார். அதிரா அவர் வருவதற்கு முன்னமே ஏறி, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெகுநாள் கழித்து இன்றுதான் இப்படிப் பக்கத்தில்.

“ஒன்னையப் போட்டு நெருக்குறாங்களாமே,” என்றாள் அதிரா, முன்னால் பார்த்தபடியே. “நான் வேணா சொல்லட்டுமா? எங்கன்னு?”

“வேணாங்க்கா. சொல்லாதீங்க.”

கார்த்திகேசு பஸ்ஸுக்குள் ஏறினார். முன் வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இருக்கையாக நின்று, தூங்குகிறவர்களுக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். ஜோவான் அதிராவின் பக்கம் திரும்பினாள். அவளுடைய பின்னலில், காதுக்குச் சற்று மேலே, அட்டைப்பெட்டி கிழித்தால் உதிருமே, அந்த மாதிரிப் பழுப்பு நிறத் தூசு ஒட்டியிருந்தது. கூடவே பொதி கட்டும் நாடாவின் சின்னத் துணுக்கு ஒன்று. பெட்டிகள் இருப்பது பொதி கட்டும் கிடங்கில் மட்டும்தான்.

ஜோவான் தலைமுடியைச் சரிசெய்வதுபோல் இரண்டையும் எடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியவில்லை. அவர் இரண்டு இருக்கை தள்ளி நின்றார். வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஜோவான், நலமா?” என்றார் கார்த்திகேசு.

அவள் தலையாட்டினாள்.